ஆலோசகரைச் சந்திக்கும் முன்பு...

நமது நிருபர்

பெங்களூரு சிவாஜி நகரில் இயங்கி வந்த ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கைவிரித்தபோது, பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. துபைக்குச் சென்றுவிட்ட அதன் நிறுவனர் மன்சூர் கான், ஜூலை 19-ம் தேதி தில்லி விமான நிலையத்தில் அமலாக்கத் துறையால் கைது செய்யப்பட்டார். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மசோதா, அதே மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது.

ஆனால், சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகே துணைக்கு வருகிறது. முன்னதாகக் காப்பது நமது முன்னேற்பாடுதான்.

முதலீட்டு ஆலோசகர்களுக்கான விதிமுறைகளை செபி அமைப்பு 2013-ல் கொண்டுவந்தது. வாடிக்கையாளரின் வயது, வருமானம், கடன், ஏற்கெனவே உள்ள முதலீடுகள், நஷ்டத்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே ஆலோசனை கூற வேண்டும் என்கின்றன அவை. எனவே, சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வீட்டுக் கடன் விவரம், காப்பீட்டுப் பத்திரங்கள், மாதச் செலவுப் பட்டியல் ஆகியவற்றுடன் செல்வது நல்லது. மகளின் கல்லூரிப் படிப்புக்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன, ஓய்வுக்குப் பின் மாதம் எவ்வளவு தேவை என்பதைக் குடும்பத்தினருடன் கலந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கடனை மறைத்துப் பெறும் ஆலோசனை, நோயை மறைத்து வாங்கும் மருந்தைப் போன்றது.

ஆலோசகரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. செபி பதிவு எண் என்ன? அதை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். அவரது வருவாய் நாம் தரும் கட்டணமா, நிறுவனங்கள் தரும் கமிஷனா? கட்டணம் தவிர, முதலீட்டுப் பணத்தை அவரது கணக்கில் செலுத்தக் கூடாது.

மாதந்தோறும் உயர்ந்த லாபம் நிச்சயம் என்று கூறுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஐ.எம்.ஏ.வில் பணம் போட்டவர்களுக்கும் தொடக்கத்தில் மாதந்தோறும் லாபம் வந்துகொண்டுதான் இருந்தது.