அடுக்குமாடியின் தோட்டம் யாருடைய நிலம்?

சென்னையின் நுங்கம்பாக்கம், போட் கிளப், அடையாறு போன்ற வசதி மிக்க பகுதிகளில் அடுக்குமாடி வீடு விற்பவர்கள், தரைத்தள வீட்டை ஒட்டிய சிறு நிலத்தைத் 'தனித் தோட்டம்' என்று சொல்லி, அதற்கெனத் தனி விலை கேட்பது உண்டு. வேலியும் புல்தரையும் ஓரிரு பூமரங்களும் உள்ள அந்தத் துண்டு நிலத்தை வாங்குபவர் தமக்கே உரியதாக எண்ணுகிறார். பத்திரத்தை ஊன்றிப் படித்தால், பெரும்பாலும் அது எல்லாருக்கும் பொதுவான நிலம் என்பதும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை மட்டுமே அவருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவரும்.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்துச் சித்தையன்கோட்டை போன்ற ஊர்களில் வளர்ந்து, பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ நகரத்தில் வீடு தேடுபவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. மலையடிவாரத்து வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்த அப்பேரூராட்சியிலும் சுற்றுவட்டாரத்திலும், வீட்டு மனை என்றால் வாசல் தொடங்கிக் கொல்லை வரைக்கும் ஒரே சொத்து என்பதே வழக்கம். குளித்த தண்ணீர் வாழைக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பாயும் அந்தக் கொல்லை, பத்திரத்தின் சக்குபந்திக்குள், அதாவது கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு எல்லைகளையும் குறிக்கும் பகுதிக்குள், வீட்டோடு சேர்ந்தே அடங்கிவிடும். அதைத் தனியே விலை பேசுவதும் இல்லை, தனியே உரிமை நாட்டுவதும் இல்லை.

சென்னையின் பழைய தோட்ட வீடுகளும் இந்த வகையில் கொல்லை வீடுகளின் பெரிய வடிவமே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் கோட்டையின் நெரிசலிலிருந்து வெளியேறிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும், மவுண்ட் ரோட்டை ஒட்டியும் நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றங்கரையிலும் பல ஏக்கர் நிலத்தின் நடுவே மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். ஜேம்ஸ் பிராடி 1798 வாக்கில் ஆற்றங்கரையில் எழுப்பிய பிராடி கேசில் பின்னாளில் அரசு இசைக் கல்லூரிக்கு இடமானது. மவுபிரே என்பவரின் ஆற்றங்கரை மாளிகை இன்று மெட்ராஸ் கிளப்பாக இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் மனைகளாகத் துண்டுபட்டு, மனைகளின் மேல் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. வாலஸ் கார்டன், மெக்கேஸ் கார்டன் என்று தெருப் பெயர்களில் மட்டும் அந்தத் தோட்டங்கள் எஞ்சியிருக்கின்றன. ஏக்கர் கணக்கில் இருந்த தோட்டம் சதுர அடிக் கணக்கில் திரும்ப விற்கப்படுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுக்குமாடியில் நிலவுரிமை எப்படி அமைகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் தோட்டத்தின் நிலை புரியும். அங்கே யாருக்கும் தரையில் இன்ன இடம் என்று பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. மனை முழுவதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிபடாத பாகம் என்று பத்திரங்களிலும், யூ.டி.எஸ். என்று பேச்சிலும் வழங்குவது இந்தப் பங்குதான். பத்து கிரவுண்டு மனையை, அதாவது 24,000 சதுர அடி நிலத்தை, எடுத்துக்கொள்ளலாம். மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று வரையறுப்பது எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்கு அது பொதுவாக 2. ஆகவே அந்த மனையில் 48,000 சதுர அடி கட்டலாம். அதில் 1,500 சதுர அடி வீடு வாங்கியவருக்கு நிலத்தில் கிடைக்கும் பங்கு 750 சதுர அடி. அவர் தரைத்தளத்தில் 600 சதுர அடித் தோட்டத்தோடு குடியிருந்தால், வீடு நிற்கும் இடத்தையும் சேர்த்து அவர் வசம் இருப்பது 2,100 சதுர அடி. பங்கோ 750. கூடுதலாக அவர் கையாளும் நிலம் மேல்தளத்தார் எல்லாருடைய பங்கிலிருந்தும் வருகிறது என்னும் இந்த எளிய கணக்கை, விற்பவர் எவரும் வாங்குபவருக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. ரெரா என்று அறியப்படும் 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பொதுப் பகுதிகளாக வரையறுக்கிறது. திறந்த தூண்தளத்தில் உள்ள வண்டி நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று, மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் பொது நிலத்தை ஒருவர் மட்டும் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. மகாராஷ்டிரத்தின் 1970-ஆம் ஆண்டுச் சட்டமும் கர்நாடகத்தின் 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் 'வரையறைக்குட்பட்ட பொதுப் பகுதி' என்றொரு வகையை ஏற்கின்றன. பொதுவில் உள்ள ஓர் இடத்தைக் குறிப்பிட்ட சில வீடுகளின் பயன்பாட்டுக்கென எழுத்தில் ஒதுக்குவதே அதன் பொருள். எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிரான செய்தி. விற்பனையாளரின் வாய்ச்சொல்லும் வண்ணத் துண்டறிக்கையின் படமும் அந்த எழுத்துக்கு ஈடாகா.

தோட்டம் அமைந்திருக்கும் இடமே சில வேளைகளில் சிக்கலாகிவிடுகிறது. கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் இடையே விட வேண்டிய பக்க இடைவெளி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டுமன்றித் தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்காகவும் விடப்படுவது. உயரமான கட்டடங்களில் அது குறைந்தது 7 மீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேலி போட்டுத் தோட்டமாக்கி விற்றிருந்தால், ஓர் ஆய்வோ ஒரு தீ விபத்தோ வரும் நாளில் வேலி அகற்றப்படும்.

தோட்டம் யாருக்கு உரியது என்னும் குழப்பம் சிங்கப்பூரில் வெகுவாகக் குறைவு. அங்கே தரைத்தள வீட்டோடு சேர்ந்த அடைப்பு வெளி, வீட்டின் உரிமைப் பரப்பிலேயே அளந்து சேர்க்கப்படுகிறது. வாங்குபவர் அதற்கும் சதுர அடிக் கணக்கில் விலை கொடுக்கிறார், உரிமை ஆவணத்திலும் அது இடம்பெறுகிறது. அப்படியிருந்தும் அதன்மேல் கூரை போட அவர் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

உரிமைக்கு அடுத்தபடி மண்ணைப் பார்க்க வேண்டும். நிலத்தடியில் வண்டி நிறுத்துமிடம் உள்ள கட்டடத்தில் தோட்டம் பூமியின்மேல் இருப்பதில்லை, கான்கிரீட் தளத்தின்மேல் இருக்கிறது. நூறு சதுர அடியில் ஓரடி ஆழத்துக்கு மண் நிரப்பினால், நனைந்த நிலையில் அதன் எடை ஏறத்தாழ 5 டன். அந்தப் பாரத்தைத் தாங்கும்படி தளம் கணக்கிட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும்; மண்ணுக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சும், அதன்மேல் வேர் துளைக்காத விரிப்பும், மிகுந்த தண்ணீர் ஓடி வடியச் சரளை அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைய வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் கீழே நிற்கும் வண்டிகளின்மேல் சுண்ணாம்பு கலந்த நீர் சொட்டும். ஓரடி மண்ணில் துளசியும் நந்தியாவட்டையும் செழிக்கும். மாமரம் வேரூன்ற வழியில்லை. தண்ணீரின் கணக்கு வேறு. 500 சதுர அடிப் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவில் பாய்ச்சினால் 230 லிட்டருக்கு மேல் செலவாகும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்த சென்னைக்கு இது சிறிய அளவன்று. ஊர்க் கொல்லையைப் போலக் குளித்த தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் திருப்பிவிட நகரத்து அடுக்குமாடிகள் முன்வந்தால், இந்தத் தோட்டங்களின் மீதான குறையில் பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே தோட்டத்தோடு கூடிய அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை நாடாவால் அளந்து பார்க்க வேண்டும். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் தோட்டத்தின் பரப்பும் நான்கு எல்லைகளும், அது உரிமையா பயன்பாடா என்பதும் எழுதப்பட்டுள்ளனவா என்று ஒரு வழக்கறிஞரைக் கொண்டு பார்க்க வேண்டும். எழுதித் தர விற்பவர் மறுத்தால், தோட்டம் இல்லாத வீட்டுக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுங்கள்.