அரிசி நூடுல்ஸ்: பேரை நம்பாதீங்க, மாவைக் கேளுங்க

எங்க அக்கா பையனுக்குப் பத்து வயசுல சீலியாக் நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. கோதுமை, பார்லி, கம்புநெல் எனப்படும் ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உடம்புக்குள்ள போனா, அவனுடைய எதிர்ப்புச் சக்தியே அவன் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது ஒன்றுதான் வழி. கொஞ்சமா சாப்பிட்டா பரவாயில்லைன்னு எல்லாம் இதுல இல்லை. ரொட்டித்தூள் அளவு போனாலும் தொந்தரவுதான்.

அடுத்த வருஷம் குடும்பத்தோட பினாங்கு போனோம். அக்கா பயந்துக்கிட்டே இருந்தா. நான்தான் தைரியம் சொன்னேன்: "அங்க எல்லாமே அரிசி நூடுல்ஸ்க்கா, கவலைப்படாதே." ஒரு தெருக்கடையில் சார் குவே தியாவ் வாங்கினோம். "இது கோதுமை இல்லையே?"ன்னு கேட்டேன். "இல்லை, அரிசிதான்"னு கடைக்காரர் சொன்னார். அவர் பொய் சொல்லலை. நூடுல்ஸ் அரிசிதான். ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்கப் பையன் வாந்தி, வயித்துவலி. தப்பு கடைக்காரர் மேல இல்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

அந்தக் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்து படிச்சுச் சேர்த்த குறிப்புகள்தான் இது. குளூட்டன் பிரச்சினை இல்லாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்குன்னு நினைக்கிறேன்.

முதலில், அரிசியில் நூலே எப்படி வருது? கோதுமை மாவில் தண்ணி விட்டுப் பிசைஞ்சா குளூட்டன் வலை மாதிரிப் பின்னிக்கிட்டு மாவை இழுக்க விடுது. அரிசியில் அந்த வலை கிடையாது. பச்சை அரிசி மாவைப் பிசைஞ்சு இழுத்தா உதிர்ந்துபோகும். அதனால அரிசி நூடுல்ஸ் முழுக்க மாவுச்சத்தை நம்பியே நிற்குது. சுமார் 60 முதல் 78 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரிசியின் மாவுச்சத்து தண்ணியை உறிஞ்சி, வீங்கி, கூழாகிறது. அது ஆறும்போது அமைலோஸ் என்ற நேரான சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகுது. இந்த இறுக்கம்தான் நூலைத் தாங்குது. அமைலோஸ் 25 சதவீதத்துக்கு மேல இருக்கிற அரிசிதான் நூடுல்ஸுக்கு ஏற்றது. அமைலோஸ் ஏறக்குறைய இல்லாத ஒட்டரிசியில் நூல் பிழிஞ்சா எல்லாம் சேர்ந்து பிசின் ஆயிடும்.

ஃப்ரிட்ஜில் வச்ச இடியாப்பம் மறுநாள் காய்ந்த நார் மாதிரி ஆகிறதே, அதுக்கும் இதே இறுக்கம்தான் காரணம். குளிர்ச்சியில் அது இன்னும் வேகமா நடக்கும். திரும்ப ஆவியில் வச்சா இளகிடும்.

செய்முறைன்னு பார்த்தா ஆசியா முழுக்க அடிப்படையில் இரண்டே வழிதான். ஒன்று பிழிவது, இன்னொன்று தகடாக வேகவைத்து வெட்டுவது.

பிழிவது நமக்குத் தெரிஞ்ச கதை. இதிலேயே நம்ம வீட்டில் இரண்டு முறை இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? இடியாப்பத்துக்குக் கொதிநீர் விட்டுப் பிசைந்து, பிழிந்து, அப்புறம் வேகவைக்கிறோம். சேவைக்கு மாவை முதல்ல வேகவைத்து, அப்புறம் நாழியில் பிழிகிறோம். சீனர்களின் மெல்லிய பீஹூன் இந்த இரண்டையும் சேர்த்த மாதிரி: ஊறவைத்து அரைத்த மாவை அரைவேக்காடு வேகவைத்து, பிசைந்து, பிழிந்து, திரும்ப ஆவியில் வைத்து, காயவைக்கிறார்கள். வியட்நாமின் பூன் நூலை நேரா கொதிக்கிற தண்ணியில் பிழிந்து, உடனே குளிர்ந்த நீரில் அலசுவாங்க. அதே வியட்நாமில் பான் ஹோய்னு ஒண்ணு இருக்கு. மெல்லிய இழைகளைச் சின்னச் சின்னப் பாயா அடுக்கியிருப்பாங்க. படத்தைப் பார்த்ததும் அக்கா, "அட, நம்ம இடியாப்பம்டா"ன்னா.

தகடு முறைக்கு நம்மூரில் நெருங்கிய சொந்தம் இலை வடாம். நீர்க்கக் கரைத்த மாவைத் தட்டில் மெல்லிசா ஊற்றி ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி, பட்டையா வெட்டினா அது குவே தியாவ். குவாங்சோ நகரின் ஷாஹே பகுதியின் பேரால் வழங்கும் ஹோ ஃபன் இன்னும் அகலம். பேரும் பண்டமும் சேர்ந்தே பயணம் பண்ணியிருக்கு: தெற்குச் சீனாவின் குவே தியாவ் தாய்லாந்தில் குவைதியாவ், கம்போடியாவில் குய் தியவ், வியட்நாமில் ஹூ தியூ. வியட்நாமின் ஃபோ சூப்பில் போடும் பட்டை நூடுல்ஸும் தகடு வகைதான்.

மூன்றாவதா ஒரு குடும்பமும் உண்டு, அது புளிக்கவைத்தது. அரிசியைச் சில நாள் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, அரைத்து, தண்ணியை வடித்து, பிழிவார்கள். தாய்லாந்தில் கனோம் ஜீன், லாவோஸில் கௌ பூன், கம்போடியாவில் நும் பான் சோக், மியான்மரில் மொஹிங்கா என்ற மீன் குழம்போடு வரும் மெல்லிய நூல், எல்லாம் இந்தக் குடும்பம். இட்லி மாவைப் புளிக்கவைக்கிற நமக்கு இந்தப் புளிப்பு வாசனை அந்நியமா இருக்காது.

இதுவரைக்கும் எல்லாம் அரிசி. சிக்கல் பேரில் ஆரம்பிக்குது.

சீன மொழியில் கோதுமை நூடுல்ஸுக்கு ஒரு சொல், அரிசி நூடுல்ஸுக்கு வேறு சொல். மாண்டரினில் 'மியென்' என்றால் கோதுமை மாவில் செய்தது. 'ஃபென்' என்றால் அரிசி அல்லது வேறு மாவில் செய்தது. ஹொக்கியன் வழக்கில் முன்னது 'மீ', பின்னது 'ஹூன்'. பீஹூன் என்றால் அரிசி ஹூன். சுத்தமான பிரிவினைதான். ஆனா இந்தச் சொற்கள் கடல் கடந்து போனதும் எல்லாம் குழம்பிப்போச்சு.

மலேசியா, சிங்கப்பூரில் மீ கோரெங், மீ ரெபுஸ் இரண்டும் கோதுமை. ஆனா மீ சியாம் பண்றது பீஹூனில். மீ தாய் மாக் என்ற குட்டை உருண்டை நூடுல்ஸும் அரிசிதான். அதில் வரும் 'மீ' கோதுமை மீ இல்லை, அரிசியைக் குறிக்கும் வேறொரு சொல். தாய்லாந்தில் பாமீ என்றால் முட்டை சேர்த்த கோதுமை நூடுல்ஸ், சென் மீ என்றால் மெல்லிய அரிசி நூடுல்ஸ். வியட்நாமில் மீ பொதுவாகக் கோதுமை, ஆனா குவாங் நாம் பகுதியின் புகழ்பெற்ற மீ குவாங் அரிசி. லக்சா பெரும்பாலும் அரிசி நூடுல்ஸில் வரும், ஆனா ஜொகூர் லக்சாவில் போடுவது ஸ்பகெட்டி! அது சுத்தக் கோதுமை. பேரை மட்டும் பார்த்து ஆர்டர் பண்ணினா பையன் கதி என்ன ஆகும்?

பார்வையையும் நம்ப முடியாது. பீஹூன் மாதிரியே இருக்கும் தாங் ஹூன் அரிசியே இல்லை, பச்சைப்பயறு மாவுச்சத்து. கொரியாவின் தாங்மியோன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுச்சத்து. இரண்டிலும் குளூட்டன் இல்லை என்பது நம்ம அதிர்ஷ்டம். ஆனா ஃபிரெஷ்ஷா விற்கும் குவே தியாவிலும், ஹாங்காங் பாணி சியுங் ஃபன் சுருளிலும் வழவழப்புக்காகச் சிலர் மரவள்ளி மாவு, சோள மாவு சேர்ப்பாங்க, சிலர் கோதுமை மாவுச்சத்தும் சேர்ப்பாங்க. குளூட்டனைக் கழுவி எடுத்த மாவுச்சத்துதான், ஆனா முழுசா போகாது. சீலியாக் பிள்ளைக்கு அது ஆகாது.

தைவானில் இது பெரிய விவகாரமாவே ஆச்சு. சின்சூ நகரம் பீஹூனுக்குப் பேர் போனது. அங்க வீசும் வடகிழக்குக் காற்றில் நூடுல்ஸைக் காயவைப்பது பழைய வழக்கம். 2013ல் நுகர்வோர் அமைப்பு ஒன்று கடையில் விற்ற பீஹூன் பாக்கெட்டுகளைச் சோதிச்சப்போ, பெரும்பாலானவற்றில் அரிசி பாதிகூட இல்லை, மற்றதெல்லாம் சோள மாவுதான்னு தெரிஞ்சது. அடுத்த வருஷமே அரசு விதி கொண்டுவந்தது: நூறு சதவீதம் அரிசி இருந்தால்தான் அரிசி நூடுல்ஸ்னு போடலாம், பாதிக்கு மேல இருந்தா 'கலப்பு'ன்னு போடணும், அதுக்கும் கீழே போனா அந்தப் பேரையே போடக்கூடாது.

சரி, எங்களைக் கவுத்தது எது? நூடுல்ஸ் இல்லை. சோயா சாஸ். சோயா மட்டும்தானே இருக்கும்னு நான் நினைச்சிருந்தேன். வழக்கமான சோயா சாஸை சோயா மொச்சையோடு கோதுமையையும் சேர்த்துத்தான் நொதிக்க வைக்கிறாங்க. ஜப்பானின் சாதாரண வகையில் இரண்டும் ஏறக்குறைய சமபங்கு. நொதிக்கும்போது புரதம் உடைஞ்சாலும் சீலியாக் உள்ளவங்களுக்கு அது பாதுகாப்புன்னு யாரும் சொல்றதில்லை. சார் குவே தியாவின் பழுப்பு நிறமே அந்த சாஸ்தான். தாய்லாந்தின் பாத் சீ யூவில் 'சீ யூ' என்ற சொல்லே சோயா சாஸைக் குறிப்பது. சிப்பி சாஸ், ஹோய்சின் சாஸ் இரண்டிலும் பெரும்பாலும் இதே பிரச்சினை. இன்னொன்று வாணலி. பினாங்குக் கடையில் நமக்கு முன்னாடி நின்னவருக்கு அதே வாணலியில் மஞ்சள் மீ வதக்கிக் கொடுத்ததை நானே பார்த்துக்கிட்டு நின்னேன். அப்போ உறைக்கலை.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு ஆசியச் சமையல் எனக்கு வேற மாதிரித் தெரிய ஆரம்பிச்சது. உப்புக்கும் சுவைக்கும் மீன் சாஸை நம்பும் சமையலும், சோயா சாஸை நம்பும் சமையலும்னு இரண்டு பக்கம். வழக்கப்படி செய்த பாத் தாய் புளி, மீன் சாஸ், பனை வெல்லத்தில் நிற்குது. வியட்நாமின் ஃபோவும் பூன் வகைகளும் மீன் சாஸ்தான், மேசையில் வைக்கும் ஹோய்சினைத் தொடாமல் இருந்தா போதும். சோயா சாஸ் பக்கம் வந்தா நூடுல்ஸ் எவ்வளவு சுத்தமான அரிசியா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இப்ப வெளியே போனா நாங்க கேட்கிற கேள்விகள் நாலு. நூல் எந்த மாவு? அதில் வேற மாவு கலந்திருக்கா? என்ன சாஸ் ஊத்துவீங்க? வாணலி தனியா? பாக்கெட் என்றால் முன்பக்கப் படத்தைப் பார்க்கிறதில்லை, பின்பக்கப் பட்டியல்தான். இந்தியாவில் 'குளூட்டன் இல்லை'ன்னு போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல குளூட்டன் இருக்கக்கூடாது என்பது விதி.

கடைசியா ஒரு பாடம். இவ்வளவும் படிச்ச பிறகு, "நம்ம இடியாப்பம் ஒண்ணுதான் நம்பகம்"னு பெருமையா சொன்னேன். இலங்கைத் தோழி ஒருத்தர் சிரிச்சார். அவங்க ஊரில் அவித்த கோதுமை மாவில் இடியாப்பம் பிழிவது அன்றாட வழக்கமாம், அரிசி மாவோடு கலந்தும் பிழிவாங்களாம். வெள்ளையா இருக்கும், பார்த்தா வித்தியாசமே தெரியாது. பேரும் வடிவமும் நம்முடையதுதான், ஆனா மாவு கோதுமை. வீட்டுக்குள்ளேயே இந்தக் கதின்னா ஊர் பேரைக் குறை சொல்லி என்ன பண்ண?

போன வருஷம் திரும்ப மலேசியா போனோம். காலைச் சந்தையில் ஒருத்தர் புத்து மாயம் வித்துக்கிட்டிருந்தார். நம்ம இடியாப்பமேதான், தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வச்சுக் கொடுப்பாங்க. நான் பர்ஸை எடுத்துட்டேன். பையன் என் கையைப் பிடிச்சு நிறுத்தினான். "இருங்க மாமா." அவனே முன்னாடி போய் அவர்கிட்ட கேட்டான்: "இது என்ன மாவுங்க? கோதுமை கலந்திருக்கா?"

முழுக்க அரிசிதான்னு அவர் மாவு டப்பாவைத் திறந்து காட்டினார். பையன் மூணு தட்டு சாப்பிட்டான்.