தேங்காய் எண்ணெய் கிருமியைக் கொல்லுமா?

"தேங்காய் எண்ணெய் கிருமிகளைக் கொல்லும்" என்ற செய்தி வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. அதை நம்பி, எண்ணெயில் சமைத்த உணவு கெடாது என்று எண்ணுவோரும் உண்டு. வெறும் கட்டுக்கதை என்று சிரிப்போரும் உண்டு. உயர்தர உயிரியலில் நாம் படிக்கும் சில பாடங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரு சாராருமே பாதிதான் சரி என்பது விளங்கும். எண்ணெய் எண்ணெயாக இருக்கும்வரை அது பற்றீரியாவை ஒன்றும் செய்யாது. ஒரு நொதியம் அதைப் பிளந்த பின்னர், அதே எண்ணெய் சில பற்றீரியாக்களுக்கு எமனாகிறது.

இதை அறிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். அசுத்தமான உணவினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 60 கோடி மக்கள் நோயுறுகிறார்கள் என்றும், அவர்களில் 420,000 பேர் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 இல் மதிப்பிட்டது. இறப்போரில் 125,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். உணவைப் பாதுகாக்கும் புதிய வழி ஒவ்வொன்றும் இந்த எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது. பிழையான நம்பிக்கை ஒவ்வொன்றும் அதைக் கூட்டக்கூடியது.

பூட்டிய நிலையில் ஓர் ஆயுதம்

எண்ணெய் என்பது முக்கிளிசரைட்டுகளின் கலவை. ஒரு கிளிசரோல் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பமிலங்கள் பிணைந்திருப்பதே முக்கிளிசரைட்டு. தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி, 12 காபன் அணுக்களைக் கொண்ட லோரிக் அமிலம் ஆகும். நாம் பயன்படுத்தும் எண்ணெய்களில் தேங்காய் எண்ணெயும் பாம் விதை எண்ணெயும் தவிர வேறெதிலும் இந்த அமிலம் இவ்வளவு இருப்பதில்லை.

1972 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கபாராவும் அவருடைய குழுவினரும் பல கொழுப்பமிலங்களைப் பற்றீரியாக்கள் மீது சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். நிரம்பிய கொழுப்பமிலங்களில் லோரிக் அமிலமே வலிமை மிக்கதாக இருந்தது. ஒரேயொரு லோரிக் அமிலம் கிளிசரோலுடன் சேர்ந்த மொனோலோரின் அதைவிடவும் வலிமையாக இருந்தது. ஆனால் மூன்று அமிலங்களும் பிணைந்த முழு வடிவம் பற்றீரியாவைத் தாக்கவில்லை. அதாவது ஆயுதம் எண்ணெய்க்குள் இருக்கிறது, ஆனால் பூட்டப்பட்டிருக்கிறது.

திறக்கும் நொதியம்

அந்தப் பூட்டைத் திறப்பது இலிப்பேசு என்னும் நொதியம். இது நீர் மூலக்கூறைப் பயன்படுத்திக் கொழுப்பமிலத்துக்கும் கிளிசரோலுக்கும் இடையிலான பிணைப்பை வெட்டுகிறது. இதுவே நீர்ப்பகுப்பு. எமது சதையி சுரக்கும் இலிப்பேசு இரு ஓரங்களிலுள்ள கொழுப்பமிலங்களை வெட்டிவிட்டு நடுவிலுள்ளதை விட்டுவிடும். இதனால் இரண்டு தனிக் கொழுப்பமிலங்களும் ஒரு மொனோகிளிசரைட்டும் கிடைக்கின்றன. கிருமியை எதிர்ப்பவை இவ்விரண்டுமே.

தாய்மார்களுக்கு இது புதிய விடயமல்ல என்றே சொல்லலாம். தாய்ப்பாலின் கொழுப்பும் பூட்டிய நிலையிலேயே இருக்கிறது. பாலிலுள்ள இலிப்பேசும் குழந்தையின் இரைப்பையிலுள்ள இலிப்பேசும் சேர்ந்து அதைப் பிளக்கின்றன. வெளிவரும் கொழுப்பமிலங்கள் சக்தியைத் தருவதோடு சில நுண்ணங்கிகளையும் அழிக்கின்றன. ஆய்வுகூடத்தில் எண்ணெயுடன் நீரும் இலிப்பேசும் சேர்த்து, மிதமான வெப்பத்தில் கலக்கிச் செய்வதும் இதே வேலையைத்தான்.

பற்றீரியாவுக்கு நடப்பது

பற்றீரியாவின் கலமென்சவ்வும் கொழுப்பினால் ஆனது. ஆகவே லோரிக் அமிலமும் மொனோலோரினும் அதற்குள் இலகுவாக நுழைந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. கலத்தின் உள்ளடக்கம் கசிகிறது. சக்தி உற்பத்தி நின்றுவிடுகிறது. உணவு புளிப்பாக இருந்தால் கொழுப்பமிலம் அயனாகாத நிலையில் அதிகம் இருக்கும். அந்நிலையில் அது மென்சவ்வினுள் மேலும் எளிதாக நுழையும்.

ஆனால் எல்லாப் பற்றீரியாவும் ஒரே விதமாகப் பணிவதில்லை. கிராம் நேர் வகையைச் சேர்ந்த லிஸ்டீரியாவும் ஸ்ரெபைலோகொக்கஸ் ஒரியஸும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. லிஸ்டீரியா குளிர்சாதனப்பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளின் சிசுவுக்கு ஆபத்தானது. அதனால் இது பெரிய விடயமே. மாறாக சல்மனெல்லா, ஈ. கோலை போன்ற கிராம் மறைப் பற்றீரியாக்களுக்கு வெளியே இன்னுமொரு மென்சவ்வு கவசமாக இருக்கிறது. அதைத் தாண்டுவது கடினம். அந்தக் கவசத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் மக்னீசியம், கல்சியம் அயன்களைப் பிடித்தெடுக்கும் சித்திரிக்கமிலம் போன்றவற்றைச் சேர்த்தால் கவசம் தளர்கிறது. ஆய்வாளர்கள் இத்தகைய கூட்டு முறைகளையே இப்போது நாடுகிறார்கள்.

ஏன் இன்னும் சமையலறைக்கு வரவில்லை?

முதலாவது தடை சுவை. ஈரம் பட்டுப் பழசான தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் போன்ற ஒரு சுவை வருமல்லவா? அது பெரும்பாலும் பூஞ்சணத்தின் இலிப்பேசு விடுவித்த லோரிக் அமிலத்தின் சுவையே. கிருமியைக் கொல்லும் அளவுக்கு எண்ணெயைப் பிளந்தால் கறியை வாயில் வைக்க முடியாமல் போகலாம். அதற்காகப் பழுதான எண்ணெய் மருந்தாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதில் பூஞ்சணமும் அதன் நச்சும்கூட இருக்கலாம்.

இரண்டாவது தடை உணவேதான். இறைச்சியிலும் பாலிலுமுள்ள கொழுப்பும் புரதமும் இந்தச் சேர்வைகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சோதனைக் குழாயில் காட்டிய வலிமையை அவை உணவில் காட்டுவதில்லை. ஆகவே சுவை பிரச்சினையாகாத கால்நடைத் தீவனம் போன்ற இடங்களிலேயே இவை முதலில் பரவின. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்கொல்லிகளைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் முற்றாகத் தடை செய்த பின்னர் இந்த மாற்றுவழிக்கு மதிப்புக் கூடியது.

மூன்றாவது, முஸ்லிம்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி: அந்த இலிப்பேசு எங்கிருந்து எடுக்கப்பட்டது? ஆய்வுகூடங்களில் பயன்படும் இலிப்பேசுகளில் ஒரு வகை பன்றியின் சதையியிலிருந்து பெறப்படுகிறது. அதே வேலையைச் செய்யும் இலிப்பேசை மதுவம், பூஞ்சணம் ஆகியவற்றிலிருந்தும் பெறலாம். தொழிற்சாலைகள் பெரும்பாலும் நாடுவதும் இவற்றையே. ஐஸ்கிரீம், மாஜரீன் உறைகளில் காணும் 471 என்ற எண் மொனோ, இரு கிளிசரைட்டுகளைக் குறிக்கும். அவை தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண் மட்டும் அதைச் சொல்லாது. ஹலால் முத்திரையைப் பார்ப்பதற்கு இப்படி ஓர் இரசாயனவியல் காரணமும் இருக்கிறது.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

இந்தத் தொழினுட்பம் வளரட்டும். அதுவரை எண்ணெயை நம்பிச் சோற்றை வெளியே வைக்க முடியாது. ஏற்ற வெப்பத்தில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. ஒன்று, நான்கு மணித்தியாலத்தில் 4,096 ஆகிவிடும். மதியம் வலீமாவில் மிஞ்சிய புரியாணியை மாலைவரை மேசையில் வைத்துவிட்டுப் பின்னர் சூடாக்கினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. சமைப்பவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ வரும் ஸ்ரெபைலோகொக்கஸ் இறந்தாலும், அது ஏற்கெனவே சுரந்த நச்சு சூட்டில் அழியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து வழிகள் எளியவை: கையையும் பாத்திரத்தையும் சுத்தமாக வைத்தல், பச்சை இறைச்சியைச் சமைத்த உணவிலிருந்து பிரித்து வைத்தல், நன்றாக வேகவைத்தல், உணவை 5 பாகை செல்சியசுக்குக் கீழ் அல்லது 60 பாகைக்கு மேல் வைத்தல், பாதுகாப்பான நீரையும் பொருள்களையும் பயன்படுத்தல்.

சகோதரிகளே, தென்னை எமது நாட்டின் மரம். லுணுவிலவில் எமக்கென ஒரு தெங்கு ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. கவசமுள்ள பற்றீரியாவை எப்படி வெல்வது, சவர்க்காரச் சுவையை எப்படி மறைப்பது, ஹலாலான நொதியத்தை எப்படி மலிவாகப் பெறுவது என்ற கேள்விகளுக்கு இன்னும் விடை வேண்டும். அவற்றுக்கு விடை தேடப் போகிறவர்களில் எம்மில் ஒருத்தியும் இருக்கலாம். அடுத்த முறை அந்த வட்ஸ்அப் செய்தி வந்தால், அதை அனுப்பியவரிடம் "பிளக்காத எண்ணெயா, பிளந்த எண்ணெயா?" என்று கேட்டுப் பாருங்கள்.