அருவிக்குச் செல்வோர் அறிய வேண்டியவை



சென்ற பள்ளி விடுமுறையில் நம் மாணவர்களைச் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்கு அருகே பசியாறிய பின்னர் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தையும், சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ‘ஜூவல்’ கட்டடத்தையும் கண்டோம். அக்கட்டடத்தினுள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி வீழ்கிறது. அதை அண்ணாந்து பார்த்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், “ஐயா, இந்த அருவியில் வெள்ளம் வருமா?” என்று வினவினான். நல்ல வினா! அதற்குரிய விடையே இக்கட்டுரை.

சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றாகிய புக்கிட் தீமாவின் உயரம் 164 மீட்டரைக்கூட எட்டாது. உயர்ந்த மலையும் நீண்ட ஆறும் இல்லாத தீவில் பேரருவி தோன்ற வழியில்லை. ஆதலால் அந்நாட்டினர் அருவியைத் தாமே அமைத்துக்கொண்டனர். ஜூரோங் பறவைப் பூங்காவில் 30 மீட்டர் உயரச் செயற்கை அருவி ஒன்று இருந்தது. 1971இல் திறக்கப்பட்ட அப்பூங்கா 2023இல் மூடப்பட்டது. ஜூவல் அருவி 2019 முதல் மக்களை மகிழ்விக்கிறது. இதன் நீரை இயந்திரமே மேலேற்றுகிறது. இயந்திரத்தை நிறுத்தினால் அருவியும் நின்றுவிடும். அதனால் இங்கே வெள்ளம் வராது.

இயற்கை அருவியோ எவர் கட்டளைக்கும் அடங்காது. அதனை நாடிச் சிங்கப்பூர் மக்கள் பாலம் கடந்து நம் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கி அருவிக்கு வருகின்றனர். முந்தாஹாக் மலையடிவாரத்தில் அமைந்த அவ்விடத்தை லொம்போங் என்றும் அழைப்பர். நாமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு அருவிகளுக்குச் செல்கிறோம் அல்லவா? அங்கே நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. மலாய்க்காரர் அதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். ‘நீரின் தலை’ என்பது அதன் பொருள்.

அது எவ்வாறு உண்டாகிறது? மலையுச்சியில் பெய்யும் கனமழை பல ஓடைகளின் வழியே இறங்கி ஒரே ஆற்றில் சேர்கிறது. சில வேளைகளில் மரக்கிளைகளும் சருகுகளும் நீரை அடைத்துக்கொள்ளும். அவ்வடைப்பு உடையும்போது, தேங்கிய நீர் முழுவதும் சுவர்போல் திரண்டு பாய்ந்து வரும். அடிவாரத்தில் அப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். நம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இதனாலேயே.

2021 ஆகஸ்ட் 18ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் பல உயிர்களைக் கொண்டு சென்றது. தமிழ்நாட்டின் பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் மாண்டான்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் நானும் இதனை நேரில் கண்டேன். நண்பர்களுடன் காட்டுவழி நடந்து ஓர் அருவியை அடைந்து குளித்துக்கொண்டிருந்தேன். தெளிந்த நீர் சட்டென்று தேநீர் நிறமாயிற்று. கரையிலிருந்த முதியவர் ஒருவர், “ஏறுங்கள்! ஏறுங்கள்!” என்று கூவினார். நாங்கள் மேட்டில் ஏறிய சிறிது நேரத்திற்குள், நாங்கள் அமர்ந்திருந்த பாறை நீருக்குள் மறைந்தது. என் பையும் காலணியும் போயின, உயிர் தங்கிற்று.

ஆகவே, நீர் கலங்குதல், சருகும் குச்சியும் மிதந்து வருதல், நீர்மட்டம் திடீரென ஏறுதல் அல்லது குறைதல், மலைப்பக்கம் பேரிரைச்சல் கேட்டல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டில் ஏறிவிட வேண்டும். பொருள்களை எடுக்க நிற்கக்கூடாது. ஆற்றைக் கடக்க முயலவும் கூடாது. முழங்காலளவு நீரும் விரைந்து ஓடினால் பெரியவரையே வீழ்த்திவிடும்.

படகில் செல்வோர்க்கும் இதுவே விதி. 1868இல் கட்டி முடிக்கப்பட்ட மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்து துடுப்பு வலித்ததை நம் மாணவர்கள் கண்டனர். அமைதியான நீரிலேயே அத்துணை ஒழுங்கு! தமிழ்நாட்டின் ஒகேனக்கலில் மக்கள் பரிசலேறி அருவியருகே செல்வர். கருநாடகத்தில் மழை மிகுந்து காவிரியில் நீர்வரத்து உயர்ந்தால், ஒகேனக்கலில் மழையே இல்லாவிடினும் பரிசல் ஓட்டத் தடை விதிப்பர். ஆற்றின் தலைப்பகுதியில் நிகழ்வதை அறிந்து நடக்கும் அறிவு அதுவே.

பெற்றோர்களே! பாசி படர்ந்த பாறையில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். அருவி வீழும் மடுவில் இறங்கவிடாதீர்கள். உங்களுள் ஒருவர் கரையிலிருந்து மலைப்பக்கம் நோக்கிய வண்ணம் இருங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான மாதங்களில் இன்னும் விழிப்பாயிருங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை மறவாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! அருவிக்குச் செல்லுங்கள், கண்டு மகிழுங்கள். ஆனால் நீர் கலங்கக் கண்டால், பெரியவர் சொல்லும்வரை காத்திராமல், “ஏறுங்கள்!” என்று நீங்களே குரல் கொடுங்கள். அக்குரல் ஒரு குடும்பத்தையே காக்கும்.

— தலைமையாசிரியர்