முதியோருக்கு வரும் திடீர்க் குழப்பம்

"எண்பது வயதாகிறது, டாக்டர். அப்படித்தான் இருக்கும்." முதியவர்களைப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. நரை, நடையில் தளர்ச்சி, தெரிந்தவர் பெயர் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதம் ஆகியவை வயதால் வருபவைதாம். ஆனால் அவை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வருகின்றன. சென்ற வாரம் வரை நாளிதழை வரி விடாமல் படித்த பெரியவர், இந்த வாரம் மகளை யாரென்று கேட்கிறார் என்றால் அதற்கு வயது காரணமாக முடியாது. ஒரே வாரத்தில் யாருக்கும் பத்து வயது கூடிவிடுவதில்லை.

சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தோன்றும் இத்தகைய மனக்குழப்பத்தை மருத்துவத்தில் டெலிரியம் என்கிறோம். இது மறதிநோய் அன்று. மறதிநோய் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் வளர்வது. டெலிரியம் திடீரென வரும். காலையில் தெளிவாகப் பேசுபவர் மாலையில் தடுமாறுவார். இரவில் எழுந்து, எப்போதோ ஓய்வு பெற்ற அலுவலகத்துக்குப் புறப்படுவார். இப்படிக் கூச்சலிட்டு, படுக்கையைவிட்டு இறங்கி நடப்பவரை வீட்டார் உடனே அழைத்து வந்துவிடுகிறார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருபவர் அமைதியாகிவிடும் முதியவர். "பாட்டி இரண்டு நாளாய்த் தொந்தரவே செய்யவில்லை, நன்றாகத் தூங்குகிறார்" என்பார்கள். உணவு வேண்டாம், பேச்சு இல்லை, கேட்ட கேள்விக்குப் பாதி விடை, மீண்டும் உறக்கம். இதுவும் டெலிரியம்தான். ஆர்ப்பாட்டம் இல்லாததால் கண்ணில் படாமல் போகிறது.

குழப்பம் மூளையில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். இளைஞருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல், இருமல், சளி எல்லாம் வரும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் மூச்சின் வேகம் மட்டும் கூடியிருக்கலாம். நெஞ்சுவலி இல்லாத மாரடைப்பும் உண்டு. வியர்வை, மூச்சுத் திணறல், அளவு கடந்த சோர்வு ஆகியவையே அதன் அடையாளமாக இருக்கும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்வதும், ஒரு வார மலச்சிக்கலும்கூட ஒருவரை நிலைகுலையச் செய்யும். குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டவருக்கு, சில வாரங்கள் கழித்து மூளையின் உறைக்கு அடியில் கசிந்த இரத்தம் தொல்லை தருவதுண்டு. ஆகவே சிறிய விழுதலையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். முக்கியமாக, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவராயின் கட்டாயம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது பலரும் அறிந்த ஒரு சொல் உண்டு: "சோடியம் குறைந்துவிட்டது." இரத்தத்தில் சோடியம் ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. அது விரைவாகக் குறையும்போது சோர்வு, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் தோன்றுகின்றன. மிகவும் குறைந்தால் வலிப்பும் வரும். உடனே வீட்டில் சாதத்தில் உப்பைக் கூட்டுகிறார்கள், இளநீர் கொடுக்கிறார்கள். முதியவர்களுக்குச் சோடியம் குறைவது உணவில் உப்புப் போதாததால் மட்டும் அன்று. உடலில் தேவைக்கு மேல் நீர் தங்கி, இருக்கும் உப்பு நீர்த்துப்போவதே பல நேரங்களில் காரணம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், நுரையீரல் நோய், தைராய்டுக் குறைவு எனக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. சிலருக்கு நீரைக் குறைக்கச் சொல்வோம், சிலருக்கு உப்பு நீரை ஊசி வழியே ஏற்றுவோம். இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அது தீங்காகவே முடியலாம். "இரண்டு நாளாகியும் சோடியம் முழுதாக ஏறவில்லையே" என்று உறவினர் வருந்துவதும் உண்டு. நெடுநாளாய்க் குறைந்திருந்த சோடியத்தை நாங்கள் வேண்டுமென்றேதான் மெதுவாக ஏற்றுகிறோம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்ந்தால் மூளையின் நரம்பு உறைகள் சிதையும் ஆபத்து இருக்கிறது.

அடுத்தது, ஒரு மாத்திரையின் விளைவை நோயென எண்ணி மற்றொரு மாத்திரை சேர்வது. இந்த வரிசையைப் பல குடும்பங்களில் பார்க்கலாம். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தொடங்கப்படுகிறது. நல்ல மருந்துதான்; சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். வீக்கத்துக்குச் சிறுநீர் பெருக்கி வருகிறது. அதனால் எழுந்து நின்றால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. தலைசுற்றலுக்கு ப்ரோகுளோர்பெரசின் அல்லது சின்னாரிசின் வருகிறது. சில நாள்களுக்கென எழுதப்பட்ட அது, பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கப்படுகிறது. பின்னர்க் கை நடுக்கம், உடல் இறுக்கம். பார்ப்பவர்கள் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் சிறுநீரை அடைத்து, மனத்தைக் குழப்புகிறது. நான்கு மாத்திரைகள், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு மருத்துவர்கள். ஒவ்வொருவரும் கண் முன் இருந்த தொல்லைக்குத்தான் மருந்து எழுதியிருப்பார்கள். முழு வரிசையையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் முதல் கண்ணி தெரியும். மாத்திரையைக் குறைப்பதும் மருத்துவமே. ஆனால் அதை வீட்டில் தாமாகச் செய்யாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

சர்க்கரை மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்த பிறகே உண்ணும் பழக்கமுள்ள பெரியவர்கள், காலை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றை உண்டுவிட்டு நண்பகல் வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். இளையோருக்கு வரும் படபடப்பும் நடுக்கமும் இல்லாமல், முதியவருக்கு நேரே குழப்பமே முதல் அறிகுறியாகலாம். வீட்டில் கருவி இருந்தால் உடனே சோதியுங்கள். குறைந்திருந்து, விழுங்கும் நிலையில் அவர் இருந்தால் சர்க்கரை கரைத்த நீர் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். விரதத்தை விடச் சொல்லவில்லை. விரத நாளுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவதென்று முன்கூட்டியே கேளுங்கள்.

காரணத்தைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஈசிஜி, சிலருக்குத் தலை ஸ்கேன் செய்கிறோம். ஆனால் முதியவர்களின் சிறுநீரில் தொல்லை எதுவும் தராமலே கிருமிகள் இருப்பது சாதாரணம். அந்த ஒரு தாளை வைத்துக் குழப்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதென்று தேடலை நிறுத்தக் கூடாது. எந்தப் பரிசோதனையும் தராத செய்தி வீட்டாரிடம் இருக்கிறது. கடைசியாக எந்த நாளில் அவர் அவராக இருந்தார்? அன்று தாமே குளித்தாரா, காசை எண்ணினாரா, தொடர் பார்த்துக் கதை சொன்னாரா? அதன் பிறகு புதிதாக என்ன மருந்து சேர்ந்தது? உடன் வாழ்பவரே இவற்றுக்கு விடை சொல்ல முடியும். வார நாள்களைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லி நாங்கள் கவனத்தைச் சோதிப்போம். பள்ளிக்கூடம் போகாதவர்களும் இதைச் செய்வார்கள் என்பதால் எனக்கு இது பிடிக்கும். ஆனால் நேற்று வரை அவர் எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியாதே!

வரும்போது மருந்துச் சீட்டோடு நில்லாமல், வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். இருமல் டானிக், சூரணம், லேகியம், தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்த வலி மாத்திரை எல்லாம் அதில் இருக்கட்டும். கண்ணழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். அது நாடித்துடிப்பைக் குறைத்து மயக்கம் வரச் செய்யலாம். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் பையைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், 108க்கு அழையுங்கள்.

வார்டில் சேர்த்த பின் காரணத்துக்கான மருத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். குழப்பம் தணிய வீட்டாரின் உதவி வேண்டும். கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள். மங்கலாகத் தெரிந்து, அரைகுறையாகக் கேட்கும் புதிய இடத்தில் யாருக்கும் குழப்பம் கூடும். பழகிய முகம் ஒன்று அருகில் இருக்கட்டும். பகலில் சன்னல் வெளிச்சமும் சிறிது நடையும், இரவில் சிறு விளக்கும் போதும். காலமான கணவரைத் தேடும் அம்மாவிடம் "அப்பா இறந்து ஆறு வருடமாகிறது" என்று வாதிட வேண்டாம். "அப்பாவை நினைத்துக்கொண்டீர்களா அம்மா?" என்று கேட்டாலே அவர் பேசத் தொடங்குவார். கையைக் கட்டிப் போடச் சொல்லியும், தூங்க ஊசி போடச் சொல்லியும் களைத்துப்போன பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தக் களைப்பு புரிகிறது. கட்டினால் பதற்றம் கூடும். தூக்க மருந்து பெரும்பாலும் குழப்பத்தை நீட்டிக்கும். தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் மட்டுமே சிறிய அளவில் மருந்து தருகிறோம். இரவுக் காவலை ஒருவரே சுமக்காமல் முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

காரணம் சரியான மறுநாளே தெளிவு வந்துவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். சிலருக்கு ஓரிரு நாள்களிலும், சிலருக்கு வாரக்கணக்கிலும் தெளிவு திரும்பும். சிலர் முழுமையாகப் பழைய நிலைக்கு வராமலும் போகலாம். வீடு திரும்பும் நாளில், எந்த மாத்திரை நிறுத்தப்பட்டது, எது புதிது, எது எத்தனை நாளுக்கு என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, பழைய சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். நினைவாற்றல் சோதனையை இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் செய்துகொள்ளலாம். குழப்பத்தில் இருக்கும்போதே அதைச் செய்து, மறதிநோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சோதனைக்கு வரும் நாளிலும் அந்த மஞ்சப்பை உடன் வரட்டும்.