ப்ளூடூத் ஹெட்செட்: கொடுக்கும் காசுக்குத் தகுமா? வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு!

முதல் சம்பளம் வந்ததும் நான் எனக்காக வாங்கிய முதல் பொருள், இயர்பட்ஸ். விலை 3,499 ரூபாய். அன்றைக்கே அம்மாவுக்கு 1,199 ரூபாயில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நெக்பேண்ட் ஒன்றும் வாங்கினேன். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? காசைக் கரியாக்காதே" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா வாங்கிக்கொண்டார்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. கோவையில் இருக்கும் அக்காவிடம் அந்த நெக்பேண்டில் பேசிக்கொண்டேதான் அம்மா இன்றும் சாம்பார் தாளிக்கிறார். என்னுடைய இயர்பட்ஸோ, 14-வது மாதமே இடது பக்கம் ஊமையாகிவிட்டது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், "வாரன்ட்டி ஒரு வருஷம்தாங்க மேடம். ஒத்தை பட் தனியா வராது, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் இயர்பட்ஸுக்கு ஒரு நாள் செலவு சுமார் 8 ரூபாய். அம்மாவின் நெக்பேண்டுக்கு சுமார் 1 ரூபாய் 10 பைசா. அதுவும் இன்னும் குறைந்துகொண்டே வருகிறது.

அப்படியென்றால் விலை குறைந்ததை வாங்கினால் போதுமா? அதுவும் இல்லை. அம்மாவின் நெக்பேண்டை ஒரு நாள் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுதாக ஏற்றி வைத்து, வீடு திரும்பும்போது காது 'ங்ஙொய்' என்றது.

எதற்கு வாங்குகிறீர்கள்?

விலையைப் பார்க்கும் முன் இதற்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். போன் பேச மட்டும் என்றால் மைக் நன்றாக இருக்க வேண்டும். பஸ், ரயில் பயணத்தில் பாட்டுக் கேட்க என்றால் வெளிச்சத்தம் குறைய வேண்டும். கேம் விளையாட என்றால் சத்தம் தாமதமாக வரக் கூடாது. எல்லாமே ஒரே ஹெட்செட்டில், குறைந்த விலையில் பிரமாதமாகக் கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

பெட்டியில் இருக்கும் வார்த்தைகள்

'ஏஎன்சி' என்றால் உங்கள் காதுக்கு வரும் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி. பஸ் இன்ஜின், ஏசி போல ஒரே சீராக வரும் சத்தத்தை இது நன்றாகக் குறைக்கும். திடீர் ஹாரனையும் பக்கத்து சீட் பேச்சையும் அந்த அளவுக்குக் குறைக்காது. 'இஎன்சி' வேறு. நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் போகாமல் குறைப்பது அது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய பேர்.

'40 மணி நேரம்' என்று பெரிதாகப் போட்டிருந்தால், பெரும்பாலும் அது சார்ஜிங் கேஸில் இருப்பதையும் சேர்த்த கணக்கு. ஒருமுறை சார்ஜ் செய்தால் பட்ஸ் மட்டும் எவ்வளவு நேரம் வரும் என்று பாருங்கள். ஏஎன்சி போட்டால் அந்த நேரமும் குறையும்.

ப்ளூடூத் வெர்ஷன் எண் பெரிதாக இருப்பதாலோ, ஸ்பீக்கர் டிரைவர் 13 மில்லிமீட்டர் என்பதாலோ மட்டும் பாட்டு இனிமையாகக் கேட்டுவிடாது. 'எல்டிஏசி' என்ற வசதிக்காகக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் போனைப் பாருங்கள். ஐபோனில் அது வேலை செய்யாது. 'ஐபிஎக்ஸ்4' என்றால் வியர்வை, தூறல் தாங்கும். தண்ணீரில் முக்கினால் தாங்காது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் இரைச்சலில் பயணம் செய்பவர்கள், அந்த இரைச்சலை ஜெயிக்கத்தான் வால்யூமை ஏற்றுகிறோம். அவர்களுக்கு நல்ல ஏஎன்சிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. வீட்டில் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஆனால் வண்டி ஓட்டும்போதும், சாலையைக் கடக்கும்போதும் காதிலிருந்து கழற்றிவிடுங்கள்.

பேட்டரி போனால் எல்லாம் போச்சு

இதில் இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். இயர்பட்ஸில் இருக்கும் பேட்டரி குட்டியூண்டு. உள்ளே வைத்து ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் மாற்றவும் முடியாது. நெக்பேண்டில் பெரிய பேட்டரி வைக்க இடம் இருக்கிறது. ஒரு பக்கம் தொலைந்துபோகும் கவலையும் இல்லை. அதனால் வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். வாரன்ட்டி எத்தனை மாதம்? ஒரு பட் மட்டும் தொலைந்தாலோ பழுதானாலோ தனியாகக் கிடைக்குமா? நான் அன்று கேட்காமல் விட்டது இதைத்தான்.

வாங்கிய உடனே செய்ய வேண்டியவை

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள் தருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

* தெருவில் நின்று வீட்டுக்கு போன் செய்து, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள்.
* நன்றாகத் தெரிந்த ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். எந்த வாத்தியம் அமுங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும்.
* ஒரு மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பாருங்கள். காது வலித்தாலோ, பேஸ் சத்தமே வராவிட்டாலோ பெட்டியில் உள்ள வேறு அளவு ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள்.
* வீடியோவில் உதடும் சத்தமும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.
* முழு சார்ஜில் ஆரம்பித்து, எப்போது தீர்கிறது என்று குறித்து வையுங்கள்.

பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி இருந்தும் அலைக்கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இந்தப் பட்டியலை வைத்துத்தான் போன மாதம் புதிதாக ஒன்று வாங்கினேன். முதலில் வந்ததைத் தெருவில் நின்று சோதித்தேன். "என்னடி, கிணத்துக்குள்ள இருந்தா பேசுற?" என்றார் அம்மா. அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக வந்தது 2,799 ரூபாய். அது தேறிவிட்டது. பஸ்ஸில் பாதி வால்யூமே போதுமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து காட்டினேன். அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்கவில்லை. "வாரன்ட்டி எத்தனை மாசம்?" என்றுதான் கேட்டார்.