கழுத்து அழகு அறுவை: டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

தாடைக்குக் கீழே தொங்கும் சதை பலருக்கு மன உறுத்தலாக இருக்கிறது. அதைச் சரிசெய்ய நினைப்பதில் தவறில்லை. ஆனால் முதல் சந்திப்பிலேயே அறுவைக்கு நாள் குறித்துவிடக் கூடாது. இது நமக்குத் தேவையா, நம் உடல் தாங்குமா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சந்திப்பு.

காரணம் என்ன?

கொழுப்பு சேர்ந்திருக்கலாம், தோல் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளாடிஸ்மா என்ற மெல்லிய தசை தளர்ந்திருக்கலாம். பல்லைக் கடித்தபடி உதட்டோரங்களைக் கீழே இழுத்தால் கழுத்தில் கயிறுபோலப் புடைப்பது இந்தத் தசைதான்.

தோல் உறுதியாக இருந்து கொழுப்பு மட்டும் மிகுந்திருந்தால் அதை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனே போதுமானதாக இருக்கலாம். தசை தளர்ந்திருந்தால் தாடைக்கு அடியில் கீறித் தைத்து இறுக்குவார்கள். தோல் தொங்கினால் காதைச் சுற்றிக் கீறி, மிகுதியை அகற்றுவார்கள்.

கழுத்தின் முன்பக்க வீக்கம் எச்சில் விழுங்கும்போது மேலேறி இறங்கினால், முதலில் தைராய்டைப் பரிசோதியுங்கள். பிடரி கறுத்துத் தடித்திருந்தால் சர்க்கரைப் பரிசோதனை அவசியம். அந்தக் கறுப்பை இந்த அறுவை போக்காது.

மறைக்காமல் சொல்லுங்கள்

சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் இ, சித்த மருந்து எதையும் விடாதீர்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கைக் கூட்டும். அதற்காக இதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்தில்தான் இது நடக்கும்.

புகையிலை தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் காயம் ஆறாமல் தோல் கருகிப் போகலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரமாவது நிறுத்தச் சொல்வார்கள். மென்று துப்பும் புகையிலைக்கும் இது பொருந்தும்.

காது குத்திய இடமோ தடுப்பூசித் தழும்போ தடித்து வளர்ந்திருந்தால் அதைக் காட்டுங்கள். கீறிய இடத்திலும் அப்படித் தழும்பு வரக்கூடும்.

தயங்காமல் கேளுங்கள்

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டம் பெற்றவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? மயக்க மருந்து நிபுணர் உடன் இருப்பாரா? இரவில் கழுத்து வீங்கினால், மூச்சு முட்டினால் யாரை அழைப்பது? உதடு கோணுவது, காது மடல் மரத்துப்போவது போன்ற நரம்புப் பாதிப்பு எத்தனை பேருக்கு வந்தது? மொத்தச் செலவு எவ்வளவு? அழகுக்காகச் செய்யும் அறுவைக்குப் பொதுவாக மருத்துவக் காப்பீடு கிடைக்காது.

அவசரம் வேண்டாம்

வீக்கமும் கன்றலும் குறைய சுமார் 2 வாரம் ஆகும். முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். வீட்டில் கல்யாணம் இருந்தால் அதைக் கணக்கில் வையுங்கள். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து யோசியுங்கள். இன்னொரு நிபுணரையும் பாருங்கள். உங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லி, தேவையில்லை என்றால் அதையும் சொல்லும் டாக்டரிடமே சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.